ஒருநாள் பூச்சியும் சடையாண்டியின் மீசையும்

கொடைக்கானலைத் தாண்டி மேல்மலைப் பக்கம் போகிற பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில் இறங்கி, அதற்கு மேலும் ஒரு மணி நேரம் நடக்கத் தெம்பிருந்தால் கூழாங்கானல் வந்துவிடும். உருளைக்கிழங்கும் பூண்டும் நன்றாக விளைகிற ஊர். மற்றதெல்லாம் சுமார்தான்.

அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு நல்ல குணம். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடி செய்வார்கள். ஊருக்கு வரும் பாதையில் முன்பு எப்போதோ வேலை நடந்தபோது, 'பணி நடைபெறுகிறது, மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு பலகை வைத்தார்கள். வேலை முடிந்து ஆறு வருஷம் ஆகிறது. பலகையை எடுக்க மறந்துவிட்டார்கள். இன்றைக்கும் கூழாங்கானல்காரர்கள் அந்த இடம் வந்ததும் அடிமேல் அடிவைத்துத்தான் நடப்பார்கள். போன வருஷம் காட்டுமாடு ஒன்று சின்னவெள்ளையைத் துரத்திக்கொண்டு வந்தது. பலகை வரைக்கும் அவன் தலைதெறிக்க ஓடி வந்தான். பலகைப் பக்கம் வந்ததும் மெதுவாக நடந்தான். மாட்டுக்குப் படிக்கத் தெரியாதாகையால் அங்கேயே முட்டித் தள்ளிவிட்டது.

இப்பேர்ப்பட்ட ஊரில்தான் தூண்டில் குழு ஒன்று உருவாயிற்று.

கூழாங்கல்லாற்றில் டிரவுட் மீன் உண்டு. அந்த மீனை வளர்த்துக் காப்பதற்கென்று டவுனில் மலைநாட்டுத் தூண்டில் கழகம் என்று ஒன்று இருந்தது. ஆற்றில் இரண்டு மைல் நீளத்தை ஏதாவது ஓர் ஊர்க்காரர்கள் பொறுப்பில் விட்டுவிடலாம் என்று அந்தக் கழகம் முடிவு செய்தது. ஆறு கூழாங்கானலில் தொடங்குவதால் முதல் வாய்ப்பு அவர்களுக்கு. சித்திரை மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை கழகத்து ஆள் வந்து பார்ப்பார். அவர் கண் முன்னால் ஒரே ஒரு டிரவுட்டைப் பிடித்துக் காட்டினால் போதும், ஆறு அவர்களுடையது. காட்டாவிட்டால் கீழ்க்கானல் ஊருக்குப் போய்விடும்.

உடனே நாலு பேர் சேர்ந்து குழு அமைத்தார்கள். எட்டாவது வரை படித்த மொக்கச்சாமி செயலாளர். பெரியவெள்ளை துணைத் தலைவர். அவன் தம்பி சின்னவெள்ளை துணைத் துணைத் தலைவர். சடையாண்டி தலைவர். சாதாரண உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லை. அந்த வேலைக்கு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

சடையாண்டி தலைவரானதற்குக் காரணம் அவருடைய மீசை. காதுவரை போய் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புகிற மீசை. கன்னத்தோரம் சாம்பல் நிறம், மூக்குக்குக் கீழே பீடிப் புகை பட்டுப் பட்டுச் செம்பட்டை. அப்படி ஒரு மீசை மேல்மலையில் வேறு எவனுக்கும் கிடையாது. ஆகவே மொக்கச்சாமி நோட்டில் முதல் தீர்மானமாக எழுதினான்: 'மீசை எவரிடம் இருக்கிறதோ அவரே தலைவர்.' நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சந்தையில் இதைக் கேள்விப்பட்டு ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். கீழ்க்கானல் கருத்தப்பாண்டி. சடையாண்டியின் மனைவி பேச்சியம்மாவுக்குத் தம்பி. அவனுக்கும் மீசை உண்டு, எலிவால் கணக்காக.

"மச்சான், நீங்க மீன் புடிக்கிறதும் நான் ஏரோப்பிளேன் ஓட்டுறதும் ஒண்ணு," என்றான் கருத்தப்பாண்டி, டீக்கடையில் பத்துப் பேர் கேட்க.

"புடிச்சுட்டா?" என்றார் சடையாண்டி.

"புடிச்சுட்டா நான் மீசைய எடுத்துருறேன். புடிக்கலேன்னா நீங்க எடுத்துரணும். அடுத்த சாமி கும்பிடு வரைக்கும் மொழுமொழுன்னு அலையணும். சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த சடையாண்டிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாக எண்ணெய் தடவி வளர்த்த மீசை அது. குழுவுக்கு ஆறு வேண்டும். சடையாண்டிக்கு அதெல்லாம் பெரிசில்லை. மீசை தப்பித்தால் போதும்.

சோதனைக்குப் பத்து நாள் இருக்கையில் பயிற்சி கொடுக்கக் கழகத்திலிருந்து பிரான்சிஸ் சார் வந்தார். வயதானவர். தலையில் தொப்பி, அதில் சின்னச் சின்ன இறகுப் பூச்சிகள். அவர் சொல்லச் சொல்ல மொக்கச்சாமி ஓர் எழுத்து விடாமல் நோட்டில் எழுதினான். இருமினதைக்கூட எழுதினான்.

"டிரவுட் ராஜா மீனு. மண்புழுவெல்லாம் போட்டா கழகத்துல ஒத்துக்க மாட்டாங்க. முள்ளுல இறகு, முடி, நூல் சுத்திப் பூச்சி மாதிரியே கட்டணும். ஐப்பசின்னா ஒரு பூச்சி, தை மாசம்னா வேற பூச்சி. அன்னைக்கு ஆத்துல எது பிறக்குதோ அதையேதான் காட்டணும். நிறம் கொஞ்சம் மாறினாலும் மீன் நம்பாது. இப்ப மழை விழுந்திருக்கில்ல, ஒருநாள் பூச்சி கிளம்பும். காலையில தண்ணிக்குள்ளேருந்து எழும்பிப் பறக்கும், சாயங்காலம் செத்து விழுந்துடும். அவ்வளவுதான் அதோட ஆயுசு."

"ஐயோ பாவம்," என்றான் சின்னவெள்ளை. உண்மையாகவே அவன் கண் கலங்கிவிட்டது.

"அப்புறம், உங்க முகத்தை மீன் பார்க்கவே கூடாது. பார்த்தா ஓடிரும். எட்டு அங்குலத்துக்குக் குறைஞ்ச மீன் மாட்டினா, பிடிச்சது பிடிச்சபடியே தண்ணியில விட்டுடணும். புரியுதா?"

எல்லாம் புரிந்தது என்றார்கள். பிரான்சிஸ் சார் ஆளுக்கொரு முள்ளும், பொதுவாக ஒரு மூங்கில் தூண்டிலும் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் குழு கூடியது. முதல் பேச்சே பெரும் சிக்கலாகிவிட்டது.

"ஆத்துல பூச்சி பொறக்குதுன்னா, ஆத்துக்குப் பொறந்த தீட்டுல்ல?" என்றான் பெரியவெள்ளை.

"சாயங்காலம் செத்தும் போகுது. எழவுத் தீட்டும் சேந்துக்கிருச்சு," என்றான் சின்னவெள்ளை.

 தீட்டு வீட்டுப் பக்கம் போய்ப் புழங்குகிற வழக்கம் கூழாங்கானலில் கிடையாது. பூச்சி பிறக்கிற நாளில்தான் மீன் கடிக்கும். பூச்சி பிறக்கிற நாளெல்லாம் தீட்டு. அப்படியானால் மீனை எப்போது பிடிப்பது?

மொக்கச்சாமி பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான். "தீட்டு யாருக்கு? பங்காளிக்கு. பூச்சி நமக்குப் பங்காளியா? இல்ல. நம்ம போகலாம்."

"நம்ம போகலாம்யா. மீனு வருமா?" என்றான் பெரியவெள்ளை. "ஒரே தண்ணியில பொறந்து ஒரே தண்ணியில வளந்தது ரெண்டும். பங்காளி எழவு நடக்கையில மீனு எப்பிடி வாயத் தொறந்து தின்னும்?"

"பங்காளிய எவனாச்சும் திம்பானா? அதனால மீனுக்கும் பூச்சிக்கும் மாமன் மச்சான் முறையாத்தான் இருக்கணும்."

"மாமன் மச்சான்னா திம்பான்," என்றார் சடையாண்டி. கருத்தப்பாண்டியை நினைத்துக்கொண்டார். அதற்கு மேல் விவாதம் தேவைப்படவில்லை. டிரவுட் மீனும் ஒருநாள் பூச்சியும் சம்பந்தி வகையறா என்று தீர்மானம் எழுதப்பட்டது.

மறுநாள் காலை மழை வெறித்ததும் ஆற்றிலிருந்து பூச்சி கிளம்பியது. ஒன்றைப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்கள். சாம்பல் நிற இறக்கை, செம்பட்டை உடம்பு. அந்த நிறத்துக்கு ஊரெல்லாம் தேடினார்கள். சேவல் இறகு ரொம்பச் சிவப்பு. ஆட்டு வால் ரொம்பக் கறுப்பு. மொக்கச்சாமி வீட்டு நாய் ஒருவிதமாக ஒத்துவந்தது, ஆனால் நாய் ஒத்துவரவில்லை. கையில் கட்டோடு மொக்கச்சாமி திரும்பி வந்தான். களைத்துப்போய் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். அப்போது சின்னவெள்ளை தீப்பெட்டியைப் பார்த்தான். பிறகு தலைவரைப் பார்த்தான். மறுபடி தீப்பெட்டியைப் பார்த்தான். மற்ற இரண்டு பேரும் அப்படியே பார்த்தார்கள்.

"என்னப்பா, ஒரு மாதிரியா பாக்குறீக?" என்றார் சடையாண்டி.

"தலைவரே, அசையாதீங்க," என்றான் மொக்கச்சாமி.

இறக்கைக்குக் கன்னத்தோர முடி, உடம்புக்கு மூக்கடி முடி. வலப்பக்கம் நாலு, இடப்பக்கம் நாலு என்று எண்ணிக் கத்தரித்தார்கள். ஒரு பக்கம் இறங்கித் தெரிந்துவிடக் கூடாதென்று பெரியவெள்ளை டேப்பு வைத்து அளந்தான். பூச்சி அச்சு அசலாக வந்துவிட்டது. எட்டு முடிதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று சடையாண்டியும் மனசைத் தேற்றிக்கொண்டார்.

அத்தோடு போயிருந்தால் கதை இல்லை. மறுநாள் காலையில் மொக்கச்சாமி நோட்டும் கையுமாக வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"தலைவரே, ஒருநாள் பூச்சிக்கு ஆயுசு எவ்வளவு?"

"ஒரு நாளு."

"நேத்துக் கட்டுன பூச்சிக்கு இன்னைக்கு வயசு ரெண்டு நாளு. ஒருநாள் பூச்சி ரெண்டாம் நாளு தண்ணியில மெதந்தா, மீனு என்ன நெனைக்கும்?"

"செத்தது எந்திரிச்சு வந்துருச்சுன்னு நெனைக்கும்," என்றான் சின்னவெள்ளை. "பயந்துரும்."

சரி என்று நேற்றைய பூச்சியை ஆற்றோரம் குழி தோண்டிப் புதைத்தார்கள். நூலை அவிழ்த்து முடியைத் திரும்பப் பயன்படுத்தலாமே என்று சடையாண்டி மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். பிணத்தின் மேலிருப்பதை எடுத்தால் ஊர் என்ன பேசும் என்று மற்ற மூவரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். புதைக்குமுன் முள்ளை மட்டும் கழற்றிக்கொண்டார்கள், அது கழகத்துச் சொத்து என்பதால். பூச்சியைக் கட்டிப் பிறப்பித்தது குழுதான் என்பதால் தீட்டும் குழுவுக்குத்தானே என்று அடுத்த கேள்வி எழுந்தது. நாலு பேரும் ஆற்றில் முங்கி எழுந்தார்கள். மேல்மலைத் தண்ணீர் எப்படி இருக்குமென்று சொல்ல வேண்டியதில்லை. முங்கின இடத்தில் இருந்த நாலைந்து டிரவுட்டும் கீழ்க்கானல் பக்கமாகப் போய்விட்டன. பிறகு கரையேறி, பல் கிட்டிக்க, அன்றைய பூச்சிக்கு எட்டு முடி கத்தரித்தார்கள்.

கையில் ஒரு பூச்சி எப்போதும் தயாராக இருக்க வேண்டுமென்று இப்படியே தினமும் நடந்தது. நனைந்த கையால் கட்டினால் முடி வழுக்குகிறது என்று நாலாம் நாளிலிருந்து பதினாறு முடி எடுத்தார்கள். ஆறாம் நாள் கன்னத்துச் சுற்று போயிற்று. ஒன்பதாம் நாள் மூக்குக்குக் கீழே இரண்டு ஈர்க்குச்சி அளவுதான் மிச்சம். கண்ணாடி பார்க்கிற வழக்கத்தையே சடையாண்டி விட்டுவிட்டார். பழக்கத்தில் முறுக்குவதற்குக் கை போகும். ஒன்றும் அகப்படாமல் காதைத் தடவிக்கொண்டு இறங்கிவிடும். அதைப் பார்க்கவே பேச்சியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"மீசை போயிரக் கூடாதுன்னுதான இம்புட்டுப் பாடு?" என்று கேட்டாள். "அப்ப ஏன் மீசைய வெட்டுறீக?"

அந்தக் கேள்வி சடையாண்டியை உலுக்கிவிட்டது. ஒரு வேளை முழுக்க யோசித்தார். எங்கேயோ இடிக்கிறது என்று தோன்றியது. எங்கே என்றுதான் தெரியவில்லை. நேராகப் போய் மொக்கச்சாமியிடம் கேட்டார்.

"தலைவரே, தோத்தவன் எடுக்கிறதுதான் மீசை போறது. ஜெயிக்கிறதுக்காக எடுக்கிறது முதலீடு," என்றான் மொக்கச்சாமி. "பூண்டு விக்கணும்னா மொதல்ல பூண்ட மண்ணுல பொதைக்கணும்ல?"

சடையாண்டி பூண்டுக்காரர். உடனே விளங்கிவிட்டது. நிம்மதியாகத் தூங்கினார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மிச்சமிருந்த இரண்டு ஈர்க்குச்சியையும் கத்தரித்துப் பூச்சி கட்டி முடித்தபோது தலைவர் முகம் உரித்த உருளைக்கிழங்குபோல இருந்தது. பிரான்சிஸ் சார் வந்தார். ஆற்றங்கரையில் ஊரே கூடி நின்றது. வேடிக்கை பார்க்கக் கருத்தப்பாண்டியும் மீசையை நீவிக்கொண்டு வந்திருந்தான். ஆற்றின் மேல் ஒருநாள் பூச்சி புகைபோல எழும்பிற்று. ஒன்பது நாள் முழுக்குக்குப் பயந்து போன மீனெல்லாம் பசி பொறுக்காமல் திரும்பி வந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு துள்ளியது.

"ஆரம்பிங்க," என்றார் பிரான்சிஸ் சார்.

குழுவினர் நாலு பேரும் வரிசையாக ஆற்றங்கரையில் நின்றார்கள். ஒரே நேரத்தில் ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள்.

"என்ன செய்றீங்க?"

"மொகத்த மீனு பாக்கக் கூடாதுன்னு பத்து நாளைக்கு முன்னாடி சொன்னீங்க," என்று மொக்கச்சாமி நோட்டைப் பார்த்து வாசித்தான். "அதுக்கப்புறம் இருமுனீங்க."

பிரான்சிஸ் சார் பதில் சொல்வதற்குள் சடையாண்டி தூண்டிலைத் தோளுக்கு மேல் வீசினார். அது பிரான்சிஸ் சாரின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய் ஆற்றில் போட்டது. தொப்பியை எடுத்து, முள்ளை விடுவித்து, மறுபடி வீசினார். இந்தத் தடவை சின்னவெள்ளையின் வேட்டி மாட்டி அவிழ்ந்து போயிற்று. சின்னவெள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை. மீன் பார்த்துவிடும் அல்லவா, கைகளால் மானத்தை மறைத்துக்கொண்டு அப்படியே நின்றான். கூட்டத்தில் பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். கருத்தப்பாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சடையாண்டிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இருபத்தெட்டு வருஷ மீசையில் மிச்சமிருந்ததெல்லாம் இப்போது அந்த முள்ளில் இருக்கிறது. சாமியை நினைத்துக்கொண்டு மூன்றாவது தடவை வீசினார். பூச்சி பஞ்சுபோலப் போய்த் தண்ணீரில் இறங்கியது.

சளக் என்று ஒரு சத்தம்.

"மீன்! மீன் மாட்டிடுச்சு! திரும்புங்க!" என்று பிரான்சிஸ் சார் கத்தினார்.

"திரும்பாதீங்க தலைவரே, பாத்துரும்," என்றான் மொக்கச்சாமி.

சடையாண்டி திரும்பவில்லை. தூண்டிலைத் தோளில் சாத்திக்கொண்டு, ஏர் இழுக்கிற மாடுபோல நேரே முன்னால் நடந்தார். கரையேறி, பூண்டுக் காட்டுக்குள் புகுந்துவிட்டார். பின்னாலேயே டிரவுட் தண்ணீரைவிட்டு வெளியே வந்து, புல்லில் துள்ளித் துள்ளி வந்தது. பிரான்சிஸ் சார் ஓடிப்போய் ஈரக் கையால் அதைத் தூக்கித் தண்ணீர் வாளியில் போட்டார். தங்க நிற வயிறு, சிவப்புப் புள்ளி. வாயோரத்தில் சடையாண்டியின் மீசை இரண்டு பக்கமும் விறைத்துக்கொண்டு கம்பீரமாக நின்றது. ஊரே கைதட்டிற்று.

பெரியவெள்ளை மீசை அளக்கிற டேப்பால் மீனை அளந்தான். ஏழரை அங்குலம்.

"பரவாயில்லை, பிடிச்சுக் காட்டிட்டீங்க. ஆறு உங்களுது," என்றார் பிரான்சிஸ் சார். "அளவு குறைச்சல். விட்டுடணும். இருங்க, முள்ளை எடுத்துடறேன்."

"எடுக்கக் கூடாது சார்," என்று மொக்கச்சாமி அவர் கையைப் பிடித்தான். "புடிச்சது புடிச்சபடியேன்னு சொல்லியிருக்கீங்க. புடிக்கையில அது வாயில மீசை இருந்துச்சு. இல்லாம விட்டா அது புடிச்சபடி ஆகாது."

பிரான்சிஸ் சார் நோட்டை வாங்கிப் பார்த்தார். அவர் வார்த்தைதான், தேதியோடு இருந்தது. அந்த நேரத்தில் மொக்கச்சாமி நூலைக் கத்தரித்து மீனை ஆற்றில் விட்டுவிட்டான். அது ஒரு தடவை மேலே வந்து, மீசையோடு எல்லோரையும் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. பிரான்சிஸ் சார் ஈரத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பலகை இருந்த இடத்தில் அவரும் மெதுவாகவே நடந்ததாகக் கேள்வி.

"மாப்ள, எடு மீசைய," என்றார் சடையாண்டி, கருத்தப்பாண்டியிடம்.

"அதெப்பிடி? தோத்தவனுக்குத்தான் மீசை இருக்காது. ஒங்களுக்குத்தான் இல்ல. எனக்கு இருக்கு. யாரு தோத்தது?"

கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது நியாயமாகப் பட்டது. சடையாண்டிக்கே லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்துப் பூச்சியொன்றைத் தாவிப் பிடிக்க டிரவுட் துள்ளி எழும்பியது. வெயிலில் மீசை பளபளத்தது.

"அந்தா பாரு, என் மீசை! எடுத்தாப்புலயா இருக்கு? அது பாட்டுக்கு நல்லாத்தான இருக்கு!" என்றார் சடையாண்டி.

கருத்தப்பாண்டி நாவிதர் கடைக்குப் போய் எலிவாலை எடுத்துவிட்டு, அக்காள் வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல் ஊர் போய்ச் சேர்ந்தான். அன்று முழுக்கச் சடையாண்டியின் கால் தரையில் பாவவில்லை. இப்படி ஒரு சந்தோஷம் அவருக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அடுத்த வாரம் குழு கூடியது. மொக்கச்சாமி எழுந்து முதல் தீர்மானத்தை வாசித்தான்: "மீசை எவரிடம் இருக்கிறதோ அவரே தலைவர்." வாசித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சடையாண்டியைப் பார்த்தான். சடையாண்டி மூக்குக்குக் கீழே தடவிப் பார்த்தார். நாலு பேரும் கையெழுத்துப் போட்ட தீர்மானம். நாற்காலியிலிருந்து எழுந்து, சாக்கை உதறிக் கீழே போட்டு உட்கார்ந்தார். குழுவுக்கு முதல் முறையாக ஒரு சாதாரண உறுப்பினர் கிடைத்தார்.

அதிலிருந்து கூட்டமெல்லாம் ஆற்றங்கரையில்தான். செயலாளர் தீர்மானத்தை வாசிப்பார். தலைவர் துள்ளினால் நிறைவேறியதாக அர்த்தம். துள்ளாவிட்டால் ஒத்திவைப்பு. முன்னைவிட வேலை வேகமாக நடப்பதாக ஊரில் பேச்சு.

இரண்டு மாதத்தில் சடையாண்டிக்கு மீசை மறுபடி அரும்பியது. பேச்சியம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, விளக்கெண்ணெய் வாங்கி வைத்தாள். அவர் எண்ணெயைத் தொடவில்லை. சந்தைக்குப் போய் நாவிதர் முன்னால் உட்கார்ந்தார்.

"ஏண்ணே, பந்தயந்தான் ஜெயிச்சுட்டீகளே, வளர விடலாம்ல?" என்றார் நாவிதர், கத்தியைத் தீட்டிக்கொண்டே.

"விடலாம்ப்பா," என்றார் சடையாண்டி முகத்தை நீட்டியபடி. "தலைவரு பதவியில இருக்கையில, உறுப்பினரு மீசை வச்சா நல்லாவா இருக்கும்?"